டபுள் அமுதா

இடது கால் லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள் கோமதி. கட்டி முடித்ததும் இறுக்கம் கூடிவிட்டதோ என்று இருந்தது. பாதம் மரத்துப்போய், கூப்பிடும்போது எழுந்து, அத்தனை பேர் முன்னால் கால் மடங்கி விழுந்தால்? மறுபடி அவிழ்த்தாள். கூப்பிடமாட்டார். முதல் மேட்சுக்குப் பிறகு கோச் அவளை ஒரு தடவைகூட உள்ளே அனுப்பவில்லை. பெஞ்சின் இந்தக் கோடி நாற்காலியும் மடியில் கிடக்கிற வெள்ளைத் துண்டும் அவளுக்கென்றே ஆகிவிட்டன. கடைசி குவார்ட்டரில், தோற்றால் ஆசியக் கூடைப்பந்துப் போட்டியின் முதல் பிரிவிலிருந்தே கீழே இறங்க வேண்டிய மேட்சில், போயும் போயும் அவளையா அனுப்புவார். "கோ! கோ!" என்று கோச் கத்தினார். அவள் பாதி எழுந்துவிட்டாள். அவர் கத்தியது கோர்ட்டின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஹர்லீனைப் பார்த்து. ஓடு, ஓடு என்று. கோமதி துண்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்து உட்கார்ந்தாள். கோமதி என்கிற பெயர் கோச்சின் வாயில் நுழையவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த முதல் வாரமே அதைக் கோ என்று ஆக்கிவிட்டார், அவர் ஊரில் பெயர்களை அப்படித்தான் ஒடிப்பார்களாம். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மேட்சுக்கு மேட்ச் தொண்டை கிழிய அவர் கத்தப்போவது அந்த ஒரு சொல்லைத்தான் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது அது காதில் விழும்போதெல்லாம் பாதி எழுந்துவிடுகிறாள். தன்னை இல்லை, தன்னை இல்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி உட்கார நேரம் பிடிக்கிறது. உட்காருவதற்குள் அவர் மறுபடி கத்துகிறார்.

ரூபி அக்காவின் வலது கணுக்கால் சரியில்லை. அந்த அரங்கத்தில் அதைப் பார்த்தது கோமதி ஒருத்திதான். மற்ற எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். இடைவேளைக்கு முன்னால் ரூபி துள்ளி இறங்கியபோது எதிரணியின் பச்சைச் சட்டைக்காரி ஒருத்தியின் பாதத்தின்மேல் இறங்கினாள், ஒரு சின்னப் பிறழ்வு, உடனே சுதாரித்துக்கொண்டு ஓடினாள். ஆனால் அதிலிருந்து இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் யோசித்துத் திரும்புகிறாள். மாடிப்படியில் இருட்டில் இறங்குகிறவர்கள் கடைசிப் படியைத் தேடுவதுபோல. அணித் தலைவி ரூபி, பந்தை முன்னால் கொண்டுபோகிற இடம் அவளுடையது, அந்த இடத்துக்கு மாற்று ஆள் கோமதி. வேறு யாராவது இருந்தால் பரவாயில்லை. இருந்த ஒருத்தி ஐந்து ஃபவுல் வாங்கி, இனி ஆட முடியாமல், பக்கத்து நாற்காலியில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அழுகிறாள். இன்னொருத்தி முழங்காலில் கட்டுடன் முந்தாநாளே ஆட்டத்திலிருந்து விலகிவிட்டாள். கோமதித் தாயே, அக்கா காலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஊர்க் கோயிலில் இருக்கிற, தன் பெயரையே கொண்ட அம்மனிடம் அவள் இந்தக் குவார்ட்டர் முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் தான் கேட்பது அக்காவுக்காக இல்லை என்பது தெரிந்துவிட்டது. அக்கா வலியோடு ஓடட்டும், எலும்பு உரசட்டும், மேட்ச் முடியும்வரை ஓடினால் போதும், பிறகு என்ன ஆனாலும் சரி. இதையா கேட்கிறோம்? அம்மனுக்கும் தெரிந்திருக்குமே. தெரிந்து, அதற்காகவே ஏதாவது செய்துவிட்டால்? அவசரமாக வேண்டுதலை மாற்றினாள். அக்கா நல்லாயிருக்கணும். வேறொன்றும் வேண்டாம். மாற்றியதும் அது பொய்யாக ஒலித்தது. வேண்டுவதையே நிறுத்திக்கொண்டு ஸ்கோர் பலகையைப் பார்த்தாள். பச்சைச் சட்டைகள் மூன்று புள்ளி முன்னால்.

பலகை என்றதும் அந்தப் பழைய கதை வந்துவிடும், எத்தனை பயத்திலும் வந்துவிடும். பஸ்ஸில் மேனேஜர் ஷீலா மேடம் சொல்வாள். அந்தக் காலத்து அணி ஏதோ ஒரு நாட்டில் ஆடியபோது அங்கே பலகையில் இரண்டு இலக்கம்தான் காட்டுமாம். எதிரணி நூறைத் தாண்டியதும் பலகை பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. நாற்பத்தொன்றுக்கு ஏழு. நூற்றேழு என்பதைக் காட்ட அதனிடம் இடமில்லை. யாரோ எடுத்த போட்டோ ஊருக்கு வந்து, நம் பெண்கள் முப்பத்துநாலு புள்ளியில் ஜெயித்தார்கள் என்று பேப்பரில் போட்டு, ஆட்டக்காரி ஒருத்தியின் தெருவில் வெடி வெடித்தார்களாம். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினால் கழுத்தில் மாலை. இல்லை, தோற்றுவிட்டோம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, மாலையோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். நிஜமா மேடம் என்று கேட்டால் ஷீலா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பயிற்சி முகாமின் நடையில் வரிசையாக மாட்டியிருக்கிற அணிப் படங்களில் அந்த மாலைக்காரி யார் என்று கோமதி தேடியிருக்கிறாள். கறுப்பு வெள்ளையில் மடிப்புப் பாவாடை போட்டு நிற்கிறவர்கள், பிறகு வண்ணம் வெளிறிய படங்களில் குதிரைவால் போட்டவர்கள். எல்லோரும் போட்டிக்குப் போவதற்கு முன்னால் எடுத்த படங்கள். போய்விட்டு வந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. சிமென்ட் தரையில் ஆடிப் பழகிவிட்டு மரத்தரையில் போய் வழுக்கியவர்கள், கடன் வாங்கிய ஷூவுக்குள் துணி அடைத்துக்கொண்டு ஓடியவர்கள், ஒரே ஒரு மேட்சை ஜெயித்துவிட்டுக் கோப்பையே கிடைத்ததுபோலக் கட்டிப்பிடித்து அழுதவர்கள். ஏறுவதும் இறங்குவதும். முதல் பிரிவுக்கு ஏறி, எல்லா மேட்சும் தோற்று, இறங்கி, பல வருஷம் கீழே கிடந்து, மறுபடி ஏறி. நடையின் கடைசியில் ஒரு வெற்று ஆணி இருக்கிறது. இந்த அணியின் படத்தை அதில்தான் மாட்டுவார்கள். கீழே பெயர்கள் இருக்கும். பிறகு வருகிற பெண்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நடையில் போவார்கள், ஒருத்தி நின்று, இவதானே அது என்று விரல் வைப்பாள்.

அந்தப் படங்களில் ஒன்றில், இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது. கோமதி முகாமுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்த முகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பெயர் அமுதவல்லி. நெற்றியில் சின்னதாக விபூதி, காமிராவைப் பார்க்காமல் அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ரிங்கைப் பார்ப்பதுபோல. அதற்கு முன்னால் கோமதிக்கு அந்தப் பெயர் வேறு விதமாகத்தான் தெரிந்திருந்தது. பயிற்சியில் யாராவது இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டுவிட்டால், யாரும் தடுக்காமல் கோட்டில் தனியாக நின்று எறிவதையும் விட்டுவிட்டால், "டபுள் அமுதா" என்று கத்துவார்கள். பஞ்சாபிலிருந்து வந்தவளும் கத்துவாள், சத்தீஸ்கரிலிருந்து வந்தவளும் கத்துவாள். ஒருநாள் ஹர்லீன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், அமுதா என்றால் உங்கள் மொழியில் என்ன அர்த்தம், தப்பு என்றா? கோமதி அமிர்தம் என்றாள். ஹர்லீன் தட்டைத் தட்டிச் சிரித்தாள். அமிர்தமா, டபுள் அமிர்தமா, சரியான ஆட்கள் நீங்கள். அது ஒரு ஆளின் பெயர் என்று சொல்ல கோமதி வாயெடுத்தாள், அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. இதே போட்டியில்தான், பல வருஷங்களுக்கு முன்னால். ஒரு புள்ளி பின்தங்கி, கடைசிக் கணத்தில் ஃபவுல் கிடைத்து, அமுதவல்லி கோட்டில் நின்றாள். ஒன்று விழுந்திருந்தால் சமன். இரண்டும் விழுந்திருந்தால் அணி முதல் பிரிவில் நின்றிருக்கும். இரண்டும் விழவில்லை. அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவள் எத்தனை மேட்ச் ஆடினாள், அந்த மேட்சிலேயே எத்தனை புள்ளி போட்டாள், ஒன்றும் இல்லை, ஒரு சொல்லாகிவிட்டாள். ஹர்லீன் என்றால் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. கோமதி என்றால் உங்கள் மொழியில் என்ன என்று ஒருத்தி தட்டை வைத்துக்கொண்டு கேட்பாள். இன்னொருத்தி, நதி என்று சொல்வாள். இல்லை, கோச் இருக்கிறாரே, அத்தனை நீளம்கூட இருக்காது. கோ போட்டுட்டா, டபுள் கோ.

அமுதவல்லியைக் கோமதி பார்த்திருக்கிறாள். படத்தில் இல்லை, நேரில். முகாமிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, அம்மா ரயில் ஜங்ஷனுக்கு வந்து காத்திருந்தாள், இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் தலை குனிந்து டிக்கெட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது, முன்முடி நரைத்திருந்தது, ஆனால் நிமிர்ந்தபோது பார்வை ஆளைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போயிற்று. கோமதிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தான் போட்டிருந்த நீல டிராக் சூட்டின் நெஞ்சில் நாட்டின் பெயர் எழுதியிருந்தது, அதை மறைக்கப் பையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். "எங்க?" என்றாள் அந்த அம்மாள். கோமதி ஊரைச் சொன்னாள். "எத்தனை?" ரெண்டு என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இந்த ஆளிடம் போய், இந்த முகத்தைப் பார்த்து, எப்படி அந்தச் சொல்லை. "எத்தனைம்மா, பின்னால ஆள் நிக்குல்லா." "ஒண்ணு" என்றாள் கோமதி. ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏளா, இது உனக்கா எனக்கா? ஒருத்தி கூரைமேல உக்காந்தா வர?" கோமதி மறுபடி வரிசையில் நின்றாள், வேறு கவுன்ட்டரில். அந்த அம்மாள் டிராக் சூட்டைப் பார்த்தாளா, பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தாளா. சீட்டைத் தள்ளிய கை மட்டும் நினைவில் இருக்கிறது. வலது கை. நீளமான விரல்கள். தள்ளியதும் உடனே மேசைக்குக் கீழே போய்விட்டது.

"கோ!" பாதி எழுந்தாள். அவளை இல்லை. பந்து ரூபியிடமிருந்து ஹர்லீனுக்குப் போய், ஹர்லீன் ரிங்குக்குப் பின்னால் இருக்கிற பலகையில் தட்டிப் போட, வித்தியாசம் ஒன்றாகக் குறைந்தது. பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. அவளும் நின்று துண்டைச் சுழற்றினாள். நேற்றுப் போனில் அம்மா, "டிவில உன்ன எங்க காட்டுதான்? வெள்ளத் துண்டு ஒண்ணுதான் சுத்துது. அது நீதான்னு பக்கத்து வீட்ல சொல்லிருக்கேன்" என்றாள். சொன்னது சரிதான். துண்டாக இருந்துவிட்டுப் போகலாம், துண்டை யாரும் நடையில் மாட்டமாட்டார்கள். முதல் மேட்சில் நடந்ததையும் அம்மா பார்த்தாள், ஆனால் அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. பந்து கோமதி கையில் இருந்தது. நெருக்கினார்கள். ரூபி பின்னால் ஓடி வந்து, "விடு, விடு!" என்று கத்தினாள். எங்கிட்ட விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஆனால் கோமதி ஆடி வளர்ந்த பள்ளிக்கூடத்து மைதானத்தில் விடு என்றால் எறி என்று அர்த்தம், ரிங்கைப் பார்த்து விடு. யோசிக்காமல் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து விட்டாள். பந்து ரிங்கையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை, வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த போட்டோக்காரன் மடியில் போய் விழுந்தது. பச்சைச் சட்டைகள் அன்றைக்கு அரங்கில் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் சிரித்தது தனியாகக் கேட்டது. கோச் இரண்டு பேரையும் கூப்பிட்டு என்ன சொன்னாய், நீ என்ன கேட்டாய் என்று விசாரித்தார். விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. ஒரே சொல், இரண்டு அர்த்தமா? மூன்று என்றாள் ரூபி, தோற்றால் போகட்டும் என்பதற்கும் அதுதான். அன்றிலிருந்து கோர்ட்டுக்குள் தமிழ் கூடாது. அறைக்கு வந்த பிறகு ரூபி, "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மொழியவே பெஞ்சில உக்கார வச்சிட்டோம்ட்டி" என்று சொல்லிக் கட்டிலில் புரண்டு சிரித்தாள். கோமதியும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ரூபி விழுந்ததைக் கோமதி பார்க்கவில்லை. அத்தனை நேரம் அந்தக் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசிச் சில விநாடிகள் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், அந்த ஒரு பார்வைக்குள் நடந்துவிட்டது. விசில். திரும்பினால் ரிங்குக்குக் கீழே ரூபி மல்லாந்து கிடந்தாள், பச்சைச் சட்டைக்காரி இரண்டு கையையும் உயர்த்தி நான் ஒன்றும் செய்யவில்லை என்று நடுவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவர் நம்பவில்லை. ஃபவுல். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு. ரூபி எழுந்து உட்கார்ந்தாள், ஒரு காலை ஊன்றினாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு அக்கா. எழுந்திரு. பிசியோ பெட்டியோடு ஓடினாள். அடிபட்டவள் எறிய முடியாமல் வெளியே வந்தால், அவளுக்குப் பதில் உள்ளே போகிறவள்தான் அந்த இரண்டையும் எறிய வேண்டும். இந்த விதியை ரூபிதான் ஒருநாள் சொல்லிக்கொடுத்தாள், "நான் செத்தா எம் பிணத்துக்குப் பதிலா நீதான் எறியணும், தெரிஞ்சிக்க" என்று. கோச் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். கோமதி தன் லேஸைப் பார்த்தாள். லேஸில் அழுக்கு இருந்தது. நுனியில் பிளாஸ்டிக் உரிந்திருந்தது. "கோ" என்றார். கத்தவில்லை. சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னார். அத்தனை தடவை வீணாக எழுந்தவள் இப்போது எழவில்லை. யாரையோ சொல்கிறார். யாரையோ ஓடச் சொல்கிறார். அழுதுகொண்டிருந்தவள் துண்டுக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் முதுகைத் தள்ளினாள். பயிற்சியில் நீ விடுவதே இல்லை, கண்ணை மூடிக்கொண்டும் போடுகிறாய், நான் பார்த்திருக்கிறேன் என்று கோச் ஆங்கிலத்தில் சொன்னார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் போட்டேன் என்று சொல்ல நினைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தாரா.

ரூபியைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோட்டுக்கு அருகில் கோமதி அவள் கையைப் பிடித்தாள். பிடித்ததை விட முடியவில்லை. ரூபியின் முகம் வெளுத்து, உதட்டுக்கு மேலே வியர்வை பொடித்திருந்தது. கோச்சைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "விடுட்டி" என்றாள். பிசியோ அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். விடுட்டி. கையை விடு, வலிக்கிறது என்றாளா? எறி என்றாளா? போனால் போகிறது, விழாவிட்டால் விடு, மனசில் வைக்காதே என்றாளா? அப்படியானால் விழாது என்று இப்போதே தீர்மானித்துவிட்டாளா? நடுவர் பந்தை நீட்டினார். பந்து ஈரமாக இருந்தது, ரூபியின் வியர்வை. இருபுறமும் ஆட்கள் குனிந்து நின்றார்கள், எதிரே வலைக்குப் பின்னால் யாரோ பலூன்களை அடித்துக்கொண்டிருந்தார்கள், ரிங் இருந்த இடத்தைவிடத் தள்ளிப் போயிருந்தது. கையெழுத்துப் போடும்போது யாராவது பார்த்தால் சொந்தக் கையெழுத்தே மறந்துவிடுமே, அப்படி முழங்கையை எங்கே வைப்பது என்று மறந்துவிட்டது. அமுதவல்லிக்கும் இது நடந்ததா? ரெண்டு என்பதை அவளிடம் சொல்லியிருந்தால் என்ன. அவள் ரெண்டு சீட்டைத் தள்ளியிருப்பாள். தினமும் எத்தனை பேர் அவளிடம் வந்து ரெண்டு என்கிறார்கள், ரெண்டு கொடுங்க, ரெண்டு கொடுங்க என்கிறார்கள், அவள் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறாள். தட்டினாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. மரத்தரையின் சத்தம் எப்போதும் கொஞ்சம் பொய்யாக இருக்கும். ஊர் மைதானத்து ரிங்கில் வலை கிடையாது. பந்து சுத்தமாக உள்ளே போனால் சத்தமே வராது, பட்டால்தான் சத்தம் வரும். அதனால் அவளுக்கு இன்றுவரை சத்தம் என்றால் தப்பு. விட்டாள். சரக்கென்று சத்தம் கேட்டது, ஐயோ என்று கண்ணை மூடினாள், மூடிய பிறகுதான் அது வலையின் சத்தம் என்று புரிந்தது. பெஞ்சில் கத்தினார்கள். சமன். நடுவர் ஒரு விரலைக் காட்டினார். பயம் குறையும் என்று நினைத்தாள். குறையவில்லை, அது பந்துக்குள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, பந்து கனத்தது. இப்போது இழப்பதற்கு ஒன்று இருந்தது. விட்டாள். கையிலிருந்து போகும்போதே தெரிந்துவிட்டது, விரல் நுனிகளில் ஒன்று பிந்திவிட்டது. ரிங்கின் பின்விளிம்பில் பட்டு நின்று, யோசித்து, வெளியே விழுந்தது. ஏழெட்டுக் கைகள் அதற்குப் பாய்ந்தன. ஒரு பச்சைச் சட்டைக்காரி பிடித்து, திரும்பி, எதிர்ப்பக்கம் ஓங்கி எறிந்தாள். அது காற்றில் இருக்கும்போதே ஹாரன் ஒலித்துவிட்டது. பந்து எங்கோ போய் விழுந்தது. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. கூடுதல் நேரம்.

பெஞ்சைச் சுற்றி எல்லோரும் முண்டியடித்தார்கள். தண்ணீர் பாட்டில்கள், துண்டுகள், மூச்சு. ஹர்லீன் அவள் முதுகில் ஓங்கி அறைந்து, "ஹாஃப் அமுதா!" என்று சொல்லிச் சிரித்தாள். அன்பாகத்தான் சொன்னாள், கண்ணில் நீர்கூட நின்றது. கோமதியும் சிரித்தாள். சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு, யார் சிரித்தது என்று உள்ளுக்குள் ஏதோ திரும்பிப் பார்த்தது. ரூபி நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள், வலது ஷூவையும் சாக்ஸையும் உருவிவிட்டிருந்தார்கள், கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. பிசியோ ஐஸ் பையை அழுத்தினாள். "கட்டிவிடுங்க, நான் இறங்குதேன்" என்று ரூபி தமிழில் சொன்னாள், பிசியோவுக்குத் தமிழ் தெரியாது, தலையை மட்டும் ஆட்டினாள், அது சரி என்பதா முடியாது என்பதா தெரியவில்லை. "அக்கா, அப்ப விடுன்னியே, எந்த விடு?" ரூபி பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "ஏட்டி, கால் உசிரு போவுது. என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமா இருக்கு?" கோச் மண்டியிட்டுச் சின்னப் பலகையில் அம்புகளாக வரைந்தார். ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். ஹர்லீன். இன்னும் மூன்று பேர். பிறகு, "கோ." எல்லோரும் எழுந்தார்கள். அவளைத்தான் சொன்னாரா, எல்லோரையும் போகச் சொன்னாரா என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. எண்ணிப் பார்த்தாள். நான்கு பேர்தான் இருந்தார்கள். பழக்கத்தில் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள், உள்ளே போகும்போது துண்டை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. மடித்து நாற்காலியில் வைத்தாள். ரூபியின் ஷூ நாற்காலிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது, முடிச்சை அவிழ்க்காமலே உருவியிருக்கிறார்கள். நடுவர் விசில் ஊதினார். கோமதி குனிந்து அந்த முடிச்சை அவிழ்த்தாள், லேஸை மேல் ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டைவரை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள், ஷூவின் நாக்கை முன்னால் இழுத்து, வீங்கின கால் நுழைகிற மாதிரி வாயை அகலப்படுத்தி, கோர்ட்டைப் பார்க்க நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.